பக்கத்து வீட்டு அக்காவின் டப்பா

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். கரூரிலிருந்து வேலைக்காக வந்து திருவேற்காட்டில் ஒரு ஃப்ளாட்டில் தனியாகக் குடியிருந்தேன். கொரியாக்காரர்கள் நடத்தும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போவேன், வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஓர் ஆள் கிடையாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று இருந்தது.

குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா ஓர் எவர்சில்வர் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார். கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவள் எதைப் போட்டுக் கொடுப்பேன்? அடுத்த வாரம் ஏதாவது சமைக்கலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் வராந்தாவில் அக்காவின் குரல் கேட்டாலே கதவைத் திறக்காமல் உள்ளேயே நிற்க ஆரம்பித்தேன். நல்ல மரியாதை!

ஒரு ஞாயிறு காலை, கம்பெனி ஏற்பாடு செய்த ஆன்லைன் கொரிய மொழி வகுப்பு. அன்றைய பாடம், இது யாருடையது என்று சொல்வது. கைக்கு எட்டிய பொருட்களைக் கேமராவில் காட்டிச் சொல்ல வேண்டும். ஒருவர் மகனின் ஷூவைக் காட்டினார். இன்னொருத்தி மாமியாரின் மூக்குக்கண்ணாடியை.

என் முறை வந்தது. டம்ளரைக் காட்டி, "ஜே கொயேயோ" என்றேன். என்னுடையது. குடை, அதுவும் என்னுடையது. சீப்பு, அதுவும்தான். "வேறு யாருடையதாவது காட்டுங்களேன்" என்றார் டீச்சர். வீடு முழுக்கத் தேடினேன். எல்லாமே என்னுடையதாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அலமாரியில் அந்த டப்பா மட்டும்தான் அகப்பட்டது. பக்கத்து வீட்டு அக்காவுடையது என்று கொரிய மொழியில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் காலி டப்பாவோடு போய்க் கதவைத் தட்டினேன். போட்டுக் கொடுக்க வீட்டில் சர்க்கரைகூட இல்லை.

"இன்னாமா, கொயம்பு புடிக்கலையோன்னு நெனச்சிகினு இருந்தேன். அதான் அப்பால ஒண்ணும் குடுக்கல" என்றார் அக்கா.

"காலியா எப்படிக்கா குடுக்கறதுன்னுதான்..."

"அட போம்மா, இதுக்கா கதவ சாத்திகினு இருந்தே? டப்பா வந்தாதானே அடுத்தது போட்டுக் குடுக்க முடியும்!"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

இன்னமும் தனியாகத்தான் இருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகள் இன்னமும் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனால் வெறுங்கையோடு போய்த் தட்டுவதற்கு இந்த ஊரில் எனக்கு ஒரு கதவு இருக்கிறது.