வட்டிக் கழிவுக்கு ஒரு கையெழுத்து

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. கரப்பான் பூச்சிக்குக்கூட வழி விட்டு ஒதுங்குகிற பயந்தாங்கொள்ளி. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிறவள், அந்த ஞாயிற்றுக்கிழமை தானே மூச்சுவிட மறந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, அவர்கள் குடியேறிய வெளிநாட்டின் வருமான வரிப் படிவம். கணவனின் கையெழுத்து அதில் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"இங்க ஒண்ணு போடு, வேலை முடிஞ்சிடும்," என்றான் அவன். டைல்ஸ் பதிக்கிற ஒப்பந்தக்காரன். பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவான். "புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கணக்குக் கொடுத்தாதான் உன் படிப்புக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு. தனித்தனியாக் கொடுத்தா நாமம்தான்."

அவன் சொன்னது சரிதான், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. ஆனால் வரி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தபோது அங்கிருந்த தமிழ் அம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "சேர்ந்து கையெழுத்துப் போட்டா, அவர் எழுதினதுக்கும் நீங்க பொறுப்பும்மா."

அவன் எழுதியிருந்ததுதான் இடித்தது. பாதி வருஷம் வேலையே இல்லையாம். வேலை இல்லாதவன் சட்டையில் சிமெண்ட் ஏன் ஒட்டுகிறது? வருஷம் முழுக்க அதைத் துவைத்தவள் அவள். வாஷிங் மெஷின் அடைத்துக்கொண்டதே அந்தத் தூளால்தான். துணி துவைக்கிறவளிடம் பொய்க் கணக்குச் செல்லாது என்பது இந்த ஆண்களுக்கு எப்போதுதான் உறைக்குமோ.

பிடிபட்டால் அவனுக்கு அபராதத்தோடு போய்விடும். அவளுக்கோ எக்ஸ்ரே எடுக்கிற உரிமமே போய்விடலாம். படிப்பு வீணாகும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஒருவேளை கூலி வராத வேலையாக இருக்குமோ என்று தன்னையே தேற்றிப் பார்த்தாள். கையெழுத்துப் போட மறுத்தால் ஏன் என்று கேட்பான், அப்போது சிமெண்டைப் பற்றிக் கேட்டுவிடலாம். ஏதாவது நியாயம் சொல்வான், நம்பிவிடலாம்.

பேனாவை மூடி வைத்தாள்.

"கழிவு போனாப் போகுதுங்க. நான் தனியாவே கொடுத்துக்கறேன்."

கத்தப்போகிறான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் பக்கத்தில் குனிந்து, அவள் இதுவரை கேட்டிராத சன்னக் குரலில் கேட்டான்:

"இதை யார் யார்கிட்ட சொன்ன?"