மூடிய பங்க்குக்குக் கீழே

பெட்ரோல் பங்க்கை மூடிவிடலாம், அதன் அடியில் புதைத்த டேங்க்கையும் கிரேன் வைத்துத் தூக்கிவிடலாம், ஆனால் அந்த டேங்க் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் ஒழுகவிட்டதை எந்தக் கிரேனாலும் தூக்க முடியாது. அது நிலத்தடி நீரோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். பூந்தமல்லியில் அப்படி மூடிப்போன ஒரு பங்க்கைச் சுற்றிச் சின்னச் சின்ன போர் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்புவேன். போர் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்தும் உங்களுக்கு என் கவலை புரியும்.

பஸ்ஸில் வரும் ஆள்

தண்ணீர் எடுக்கும் நாளில் நான் பைக்கைத் தொடுவதில்லை. பெட்ரோல் போட்ட கையோடு பாட்டிலைத் திறந்தால் அந்த வாடையையும் லேப் மெஷின் பிடித்துவிடும்; நல்ல தண்ணீருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். இப்படி ஒரு மூக்கை மனுஷன் செய்து வைத்திருக்கிறானே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதனால் ஆவடியிலிருந்து பாட்டில் வைக்கும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். பங்க்குக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேன் ஒருநாள் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்ரோலத் தேடிகினு பஸ்ல வர்ற ஒரே ஆளு நீங்கதான் சார்."

டிரம்முக்குப் போகும் தண்ணீர்

போரில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை முதலில் இறைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மண்ணிலிருந்து ஊறி வருவதுதான் உண்மையைச் சொல்லும். இறைத்ததில் பெட்ரோல் இருக்கலாம் என்பதால் சாக்கடையில் விடவும் கூடாது. டிரம்மில் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்புவோம்.

நல்ல மே மாதம். தெருக்குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. காலிக் குடத்தோடு நின்ற ஒருவர் நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதெல்லாம் சரி நைனா, எந்த ஏரியால விக்கற?" என்றார்.

நசீமா அக்காவின் கிணறு

பங்க்குக்குப் பின்தெருவில் நசீமா அக்கா வீட்டுக் கிணறு. அவர் கல்யாணத்துக்கு பிரியாணி செய்து கொடுப்பவர். சமையலுக்கும் அந்தத் தண்ணீர்தான், தெருவே குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். ஒரு தடவை, பங்க்குக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த எங்கள் போரில் பெட்ரோல் வந்துவிட்டது. கிணறு இன்னும் சுத்தமாகவே இருந்தது. ஆனால் பெட்ரோல் அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

மோட்டார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நிலத்தடி நீர் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத அத்தனை தண்ணீரும் ஒரு சின்ன மோட்டாரின் பேச்சைக் கேட்கிறது. கூடவே பெட்ரோலும் வரும். கிணறு பிழைக்க வேண்டுமானால் அதிலிருந்து இறைக்கவே கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். "கெட்ட கெணத்த மூடுவாங்க, நல்ல கெணத்தயா மூடச் சொல்ற?" என்று தெருவே சண்டைக்கு வந்தது. அக்கா மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆள் வைத்து மோட்டாரைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். "சுச்சு இருந்தா கை போவும் தம்பி. மோட்டாரே கெடக்கக் கூடாது."

சாப்பிடுகிறவர்கள்

அதன் பிறகு அவர் லாரித் தண்ணீரில் சமைத்தார். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று என் முகத்தைத்தான் பார்ப்பார். குழாய் வழியே மண்ணுக்குள் காற்றை இறக்கிவிட்டோம், அவ்வளவுதான் எங்கள் உதவி. மீதியைச் செய்தவை மண்ணிலேயே இருக்கும் கிருமிகள். காற்று கிடைத்தால் அவற்றுக்கு பெட்ரோல்தான் சாப்பாடு. யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. படித்ததுதான் என்றாலும், கண்ணெதிரே நடந்தபோது கும்பிடத் தோன்றியது.

அக்காவிடம் சொன்னேன். ஊருக்கே ஆக்கிப் போடுகிறவர் அல்லவா, அவருக்குத் தோன்றியது வேறு. "எந்தக் கல்யாணத்துலயும் அண்டாவுல மிச்சம் இல்லாம போனதில்ல. இதுங்க வழிச்சுத் துன்னுதுங்களே."

முதல் தம்ளர்

நடுப் போர் சுத்தமாகி, கிணற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துப் பார்த்தும் ஒன்றும் வராமல், மற்ற எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, தண்ணீர் குடிக்கலாம் என்ற பேப்பரோடு போனேன். தெருவே கூடிவிட்டது. அக்கா பேப்பரை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். கயிறு கட்டி ஒரு வாளி சேந்தி, தம்ளரில் ஊற்றி, யாருக்கும் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

பழக்க தோஷம், கை தானாகத் தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனது. தெருவே என்னை முறைத்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மோந்து பாக்காத தம்பி, குடி."

குடித்தேன். மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் நம்பிப் பிழைக்கிற தொழில் இது; ஆனால் நாமே கையெழுத்துப் போட்ட பேப்பரை நம்புவதற்குத்தான் ஒரு தெருவே நின்று முறைக்க வேண்டியிருக்கிறது.