கொக்கி அக்கா திறந்த ஃபோல்டர்

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொக்கி அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பழைய ஸ்கேன் படங்களையெல்லாம் காத்து வைப்பது அவள் வேலை.

எங்கள் கம்ப்யூட்டர்களில் ஃபோல்டர்கள் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். அவளுக்கு மட்டும் கருப்புத் திரை. கட்டளை தட்டினால் பெயர்கள் வரிசையாக வந்து விழும். அவற்றில் சில பெயர்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி, கொக்கி மாட்டினாற்போல. அதைப் பார்த்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்தாறு வருஷம் ஸ்கேன் எடுத்தவன் நான், கேட்கமாட்டேனா?

"ஏம்மா, பேர்ல இல்லாத குறி லிஸ்ட்ல எதுக்கு? பாக்கவே கண்றாவியா இருக்கு. நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தலாம்ணே, ஒரு நிமிஷ வேலை. ஆனா மாட்டேன். இடைவெளி உள்ள பேருக்குத்தான் அது கொக்கி போடுது. பேரு இங்க தொடங்குது, இங்க முடியுதுன்னு சொல்லுது. கேக்காமலே சொல்ற புண்ணியவான் வாயை எதுக்கு மூடணும்?"

பதிவு கவுன்டரில் டைப்பிஸ்டாக வந்தவள். தலையணை தண்டிக்கு ஒரு புத்தகத்தைச் சாப்பாட்டு வேளைகளில் படித்தே இதையெல்லாம் கற்றாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறார். "என்கூடப் பேசறதைவிட அந்தக் கருப்புத் திரையோடதான் சார் அதிகம் பேசறா. அது ஒழுங்கா பதில் சொல்லுதாம்" என்பார். அவளே அதற்குக் கூடம் அதிரச் சிரிப்பாள்.

போன மாதம் ஒரு தச்சர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவின் நுரையீரலில் ஒரு கட்டி. சர்ஜன் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி இங்கயே ஸ்கேன் எடுத்திருக்காங்க. அப்பவும் இதே அளவுன்னா வெட்டவே வேண்டாம். அந்தப் படம் இல்லேன்னா நாளைக்குக் காலைல திறந்துதான் பாக்கணும்."

தேடினேன். அந்த அம்மாவின் எண்ணில் இரண்டு ஃபோல்டர். எதைத் திறந்தாலும் காலி. வெளியே வந்து, "இல்லப்பா" என்றேன். தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அக்காவிடம் ஓடினேன்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாள் அக்கா. கட்டளை தட்டினாள். அதே எண் இரண்டு வரியில் வந்தது. ஒன்று மொட்டையாக, இன்னொன்று கொக்கிகளுக்குள்.

"வெறும் நம்பருக்கு எதுக்குண்ணே கொக்கி?"

கடைசி இலக்கத்துக்கும் கொக்கிக்கும் நடுவே அவள் விரல் நின்றது. அங்கே ஓர் இடைவெளி. அன்றைக்கு ஸ்கேன் எடுத்த எவனோ எண்ணைத் தட்டிய கையோடு இடைவெளிப் பட்டையையும் தட்டியிருக்கிறான். எங்கள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல், எதைத் தொட்டாலும் காலியானதையே திறந்திருக்கிறது. அவள் அந்தப் பெயரைக் கொக்கியோடு அப்படியே எடுத்துக் கட்டளையில் ஒட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்! அடி ஆத்தி, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படத்தின் ஓரத்தில் ஸ்கேன் எடுத்தவர் பெயர் இருந்தது. என் பெயர். அவளும் பார்த்தாள். படங்களை அப்படியே சர்ஜனுக்கு அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் தச்சர் ஓடிவந்தார். "அதே அளவுதானாம்! வெட்ட வேண்டாமாம்!" காய்ப்பேறிய கைகளால் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ரெண்டு வருஷமாப் பத்திரமா வெச்சிருந்தது நீங்கதானாமே. அக்கா சொன்னாங்க."

அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தொலைச்சவன் நான்யா," என்றேன். "இல்லன்னு சொன்னவனும் நான்தான். கும்பிடறதுன்னா அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடு."