காத்தாயி அக்காவின் கைச்சோறு

செவ்வாய்க்கிழமை காலை ஈப்போ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். காத்தாயி அக்காவின் மகன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "அம்மா போயிட்டாங்க அக்கா" என்றார். வாங்கிய கீரையை அங்கேயே விட்டுவிட்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

எனக்கு அதிகம் எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் வளர்ந்த உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் காத்தாயி அக்கா. நாங்கள் மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போவோம். பிள்ளைகளைத் தூக்க அவர் வேண்டும். ஆனால் சாதியைச் சொல்லி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். நானும் விட்டதில்லை.

அப்போது என் மகள் செல்விக்கு இரண்டு வயது. "அவ கையால பிள்ளைக்குச் சோறு போச்சுன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறாத" என்றார் மாமியார். நான் ஒரு கரண்டியும் வீட்டுச் சோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எம்பிள்ளைக்குக் கையால ஊட்டாதீங்க அக்கா."

அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டார். "சரிம்மா. வயிறு நெறஞ்சா போதும்."

வயிறு நிறையவில்லை. கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். என் மேல் உள்ள கோபத்தில் பட்டினி போடுகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் அன்று என் புத்தி போனது.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மரத்துப் பால் மழையில் வீணாகிவிட்டதால் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கொட்டகைக்கு ஓடி, பலகை இடுக்கில் பார்த்தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சோற்றை உருட்டி உருட்டி ஒவ்வொரு வாயிலும் வைத்துக்கொண்டு வந்தார். செல்வியின் முறை வந்ததும் அவளும் வாயைத் திறந்தாள். அக்கா கரண்டியை எடுத்தார். வாய் மூடிக்கொண்டது. கரண்டியைக் கீழே வைத்தார். வாய் திறந்தது.

உள்ளே போனேன். அக்கா பயந்து எழுந்தார். "நீ சொன்ன சொல்லுக்காக ஊட்டாம இருக்கேன்மா. பத்து நாளா என் கையையே பாத்து வாயத் தொறக்குது பாவம்."

ஈரச் சேலையோடு செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் வாயைத் திறந்தேன்.

அக்கா அழுதார். பிறகு சிரித்துவிட்டார். "இன்னும் பெருசா தொற லா, பால் வாளி மாதிரி!" முதல் உருண்டை எனக்கு, அடுத்தது செல்விக்கு.

வீட்டில் போய்ச் சொன்னேன். மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. செல்வியின் கன்னம் உப்பிய பிறகு ஒரு காலை, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "காத்தாயிய ரசம் கொஞ்சம் கூட ஊத்திப் பெசையச் சொல்லு."

அக்கா பிள்ளைகளைப் பேர் மாற்றித்தான் கூப்பிடுவார். கேட்டால், "பசிச்சா எல்லாம் ஒரே மாதிரிதான் கத்துது. எனக்கு எங்க லா பேரு ஞாபகம் இருக்கும்?" என்பார்.

தோட்டம் விற்கப்பட்ட பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அவர் பக்கத்திலேயே சிம்பாங் பூலாயில் மகன் வீட்டில் இருந்தார். போன மாதம் பார்க்கப் போனபோது அவர் கை நடுங்கியது. ரசம் ஊற்றிப் பிசைந்து நானே ஊட்டினேன். வாய்க்கு அருகில் கொண்டுபோனதும் என் கையை நிறுத்தி, "கரண்டி எங்க லா?" என்று கேட்டார். சோறு சிந்தச் சிந்த இருவரும் சிரித்தோம். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த கடைசிச் சிரிப்பு அது.

அந்தக் கரண்டி இப்போது என் உப்பு ஜாடியில் கிடக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் வேலைக்குப் போகிற பெண்கள் என்னிடம் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள். அடுத்த வீட்டுச் சீனப் பெண்ணின் மகளும் அதில் ஒருத்தி. பத்து மணிக்கு வட்டமாக உட்கார வைத்து உருட்டிக் கொடுக்கிறேன். அக்காவைப் போலவே எனக்கும் பேர் மாறிப் போகிறது.