பெக்கான் நானாசில் ஒரு சாட்சி

மகள் ஐ.நா.வில் வேலை பார்க்கிறாள் என்றுதான் சூசையம்மாள் மலேசியாவில் தன் ஊரான ரெங்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அது உண்மையில்லை. மிஷேல் வேலை பார்த்தது நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில், ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரை விசாரிப்பதற்கென்றே அமைத்த தனி நீதிமன்றத்தில். அங்கேயும் அவள் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல். அவளுடைய கட்சிக்காரர் ஒரு கர்னல். மூன்று கிராமங்களில் ஆட்களைக் கொல்ல உத்தரவிட்டார் என்பது அவர் மேலிருந்த குற்றச்சாட்டு. இதைச் சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எப்படிச் சொல்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மகளும் திருத்தவில்லை.

மிஷேலுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அப்பா மைக்கல் எஸ்டேட்டில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். மகள் கோலாலம்பூரில் சட்டம் படித்து, ஜோகூர் பாருவில் பதினோரு வருடம் குற்ற வழக்குகள் நடத்தினாள். பெரும்பாலும் போதைப்பொருள் வழக்குகள். தோற்றால் தூக்கு என்றிருந்த காலம். சொந்தக்காரர்களே கைவிட்ட ஆள் பக்கத்தில் தான் ஒருத்தியாவது நிற்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வருடங்களில்தான் அவளுக்குள் ஊறிப்போனது. கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் ஹேக் போனாள்.

அப்பா இறந்தபோது அவள் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். தம்பி கில்பர்ட் போனைத் தூக்கிப் பிடிக்க, அடக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தாள். அன்றைக்கு ரெங்கத்தில் நல்ல மழை. படம் உறைந்து உறைந்து வந்தது. திரையில் பாதியைத் தம்பியின் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை எடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு அதே சாட்சியிடம் விட்ட கேள்வியிலிருந்து தொடர்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கர்னல் அமைதியான மனிதர். சிறைச் சந்திப்பு அறையில் அவள் உள்ளே வரும்போது எழுந்து நிற்பார். அப்பா இறந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு, துக்கம் விசாரித்த ஒரே ஆள் அவர்தான். மூன்றாவது கிராமத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார். "அன்றைக்கு நான் அந்தப் பக்கமே இல்லை. என் வண்டி ஆற்றுப் பாலத்தில் பழுதாகி நின்றுவிட்டது. என் டிரைவரைக் கண்டுபிடியுங்கள், அவன் சொல்வான்."

டிரைவரைத் தேட இரண்டு வருடம் பிடித்தது. கடைசியில் வந்த தகவலைப் பார்த்து மிஷேல் சிரித்துவிட்டாள். ஆள் மலேசியாவில் அகதியாக இருந்தான். பெக்கான் நானாசில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் வேலை. அவள் பிறந்த வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஒன்பது வருடமாக இங்கே இருப்பதால் அவனுக்கு மலாய் நன்றாக வரும். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நானே போகிறேன் என்று கிளம்பி வந்தாள்.

வந்த அன்றைக்குக் கில்பர்ட் வீட்டில் சாப்பாடு. குலாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த அவன், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அந்த ஆளு கொன்னான்னு உனக்கே தெரியாதாக்கா?"

"தெரியாது. அதத்தான கோர்ட்டு விசாரிக்குது."

"நெட்ல தட்டுனாலே படம் படமா வருது. சின்னச் சின்னப் பிள்ளைங்க லா. நீ அவனுக்குப் போய்ப் பேசுற."

"நான் பேசலன்னா வேற யாராச்சும் பேசணும். ஒருத்தரும் பேசாம ஒரு ஆள உள்ள தள்ளிட்டா, அதுக்குப் பேரு கோர்ட்டு இல்ல தம்பி."

"அலமாக், கேக்க நல்லாத்தான் இருக்கு. வெளிய யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?"

கில்பர்ட்டின் மனைவி மெலிசா பேச்சை மாற்றப் பார்த்தாள். அம்மா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். மிஷேல் சீக்கிரம் கை கழுவிக்கொண்டாள்.

மறுநாள் காலை வாடகைக் காரை எடுத்துக்கொண்டு குலாய் வழியாகப் போனாள். பெக்கான் நானாஸ் தாண்டியதும் இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த பச்சையாய் அன்னாசி வரிசைகள். செம்மண் பாதை போய்க் கறுப்பு மண் வந்தது. காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கும் மண். தோட்டத்தில் டிரைவரை எல்லாரும் ஜோ என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். நீளக் கை சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முள் கீறிய தழும்புகள் கழுத்து வரை இருந்தன. பழம் ஏற்றும் கொட்டகை ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட இரண்டு கூடைகளின் மேல் உட்கார்ந்து மலாயில் பேசினார்கள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் மிஷேல். "நான் கர்னலோட வக்கீல். போலீஸ் இல்ல, அரசுத் தரப்பும் இல்ல. நீங்க பேசித்தான் ஆகணும்னு கட்டாயம் கிடையாது."

ஜோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். அம்மணி என்பதற்கான மலாய்ச் சொல்லால், புவான் என்றுதான் அவளைக் கூப்பிட்டான். "யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு ஒன்பது வருஷமா இருந்தேன், புவான். அவரோட ஆள்தான் வருவீங்கன்னு நினைக்கல."

"மூணாவது கிராமத்துல அது நடந்த பதினேழாம் தேதி உங்க வண்டி பாலத்துல நின்னுபோச்சா?"

"நின்னுச்சு. ஆனா அது பதினாறாம் தேதி. அன்னிக்குச் சந்தை. ஆடு மாடெல்லாம் எங்க வண்டியச் சுத்திக்கிட்டுப் போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள பெல்ட்ட மாத்திட்டேன். பதினேழாம் தேதி காலைல அவர அந்தக் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

மிஷேல் பேனாவை நிறுத்தவில்லை. தேதியை மாற்றிக் கேட்டாள். வழியைக் கேட்டாள். முன்னால் போன வண்டி எது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். எங்கேயாவது இவன் இடறினால் போதும் என்று மனசு வேண்டிக்கொண்டது. அவன் இடறவில்லை.

"வண்டிய ஊர் முகப்புல நிறுத்தச் சொன்னார். இஞ்சின அணைக்காதேன்னார். கண்ணாடிய ஏத்திட்டு வயர்லெஸ்ல முடிச்சிடுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் நாப்பது நிமிஷம் சும்மா உக்காந்திருந்தார். நான் பெட்ரோல் முள்ளையே பாத்துக்கிட்டிருந்தேன், புவான். வேற எங்கயும் பாக்கல."

மிஷேல் கடைசி வரியை எழுதி முடித்தாள். பிறகு அவனே கேட்டான்.

"இத அங்க வந்து சொல்லணும் இல்லையா? என்னக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"இல்ல. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"ஏன்?"

"நான் அவரோட வக்கீல்."

"அப்ப நான் யாருக்கிட்டச் சொல்றது?"

முப்பது வருடத்துக்கு முன்னால் படித்த பாடத்திலும் அதற்கப்புறம் நடத்திய வழக்குகளிலும் அவள் இந்தக் கேள்வியைச் சந்தித்ததே இல்லை. சரியான பதில் தெரியும். பேனாவை மூடிவிட்டு அதைச் சொன்னாள்.

"நீங்க யாருக்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். உங்கள யாரும் தடுக்க முடியாது. நானும் தடுக்க மாட்டேன். ஆனா யாருக்கிட்டப் போங்கன்னு என் வாயால சொல்ல முடியாது."

ஜோ அவளை உற்றுப் பார்த்தான். கோபம் இல்லை. "என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது," என்றான். "உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்." மேற்பார்வையாளர் குரல் கொடுக்கவே, தொப்பியை மாட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

குலாய்க்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரம் கட்டினாள். போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அம்மா. கில்பர்ட். ஜோகூர் பாருவில் உடன் வேலை செய்த ரூபேந்திரன், ஒரு காலத்தில் எதையும் பேசிக்கொள்ளக்கூடிய நண்பன். பாதர். கட்சிக்காரரின் ரகசியம் வக்கீலோடு மண்ணுக்குள் போக வேண்டியது. இதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. கார் இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று அணைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பாதரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் முழங்காலிட்டு, தம்பியிடம் கடுமையாகப் பேசினேன், பூசைக்கு ஒழுங்காகப் போவதில்லை என்றாள். வேறு ஏதாவது என்று பாதர் கேட்டார். வேறு இல்லை என்றாள்.

ஹேக் திரும்பியதும் கர்னலைப் பார்க்கப் போனாள். வழக்கம்போல் எழுந்து நின்றார்.

"உங்கள் டிரைவரைப் பார்த்தேன்."

கர்னல் நாற்காலியை மெல்ல இழுத்து உட்கார்ந்தார். "நன்றாக இருக்கிறானா?"

"இருக்கிறார்."

"குழந்தைகள்?"

"ஒரு பெண்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனை நாம் அழைக்கப் போவதில்லை."

"இல்லை. அன்றைக்கு நீங்கள் பாலத்தில் இருந்தீர்கள் என்ற வாதத்தையும் விலக்கிக்கொள்கிறேன். பொய் என்று தெரிந்ததை நீதிபதிகள் முன்னால் நான் வைக்க மாட்டேன். அவர்கள் தரப்புச் சாட்சியங்களை மட்டும் சோதிப்பேன்."

"அது போதுமா?"

"தெரியாது."

அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். மூன்றாவது கிராமத்துக்கு வழக்குத் தொடுத்த தரப்பிடம் இருந்தது இரண்டே சாட்சிகள். ஒருவர் கர்னலை நேரில் பார்க்கவில்லை. மற்றவர் சொன்ன தேதிகள் ஒட்டவில்லை. பேத்தியை இழந்த ஒரு கிழவர் அவர். மிஷேல் குரலை உயர்த்தாமல் தேதிகளை அவர் முன் வைத்தாள். கிழவர் குழம்பினார். கர்னல் அங்கே இருந்தார் என்று அவர் சொல்வது உண்மை என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இருவர்தான். ஒருவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முதல் இரண்டு கிராமங்களுக்கும் கர்னல் குற்றவாளி. இருபத்திரண்டு ஆண்டு சிறை. மூன்றாவதில் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தார்கள். பார்வையாளர் பகுதியில் ஒரு வரிசை ஆட்கள் எழுந்து, வாசிப்பு முடியும் முன்பே வெளியே போனார்கள். செய்தியைப் பார்த்த கில்பர்ட், 'ஒண்ணுல ஜெயிச்சிட்டியாக்கா' என்று அனுப்பியிருந்தான். அவன் கேலி செய்யவில்லை, சமாதானமாகத்தான் கேட்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியும். போனைப் பைக்குள் போட்டாள்.

மேல்முறையீட்டுக்கும் அவளே வேண்டும் என்றார் கர்னல். அவள் வேறொரு வக்கீலிடம் கோப்புகளை ஒப்படைத்தாள். காரணம் கேட்டார்கள். சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் அவளிடம் இல்லாததால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றாள். களைத்துப் போய்விட்டாள் என்று சிலரும், பயந்துவிட்டாள் என்று சிலரும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது ரெங்கத்தில் அம்மாவுடன் இருக்கிறாள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காகக் காலையில் குளுவாங் நீதிமன்றத்துக்குப் போகிறாள். எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை திருடியவன், பாசிர் கூடாங்கில் சண்டை போட்டுக் காஹாங்கில் பிடிபட்டவன், வேலை பர்மிட் இல்லாதவன். குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது இன்னமும் அவளுக்கு முதுகு நிமிரும். ஜோ யாரிடமாவது சொன்னானா என்று தெரியாது. விசாரிக்க அவளுக்கு உரிமை இல்லை.

போன வாரம் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா திடீரென்று கேட்டார்.

"அங்க என்னதான்டி நடந்துச்சு? ஆளே மாறி வந்திருக்க."

"சொல்ல முடியாதும்மா."

"எங்கிட்டயுமா?"

"யாருக்கிட்டயும்."

சூசையம்மாள் மகளைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"சரி, அப்ப நான் கேக்கல," என்றார். "ஆனா நீ தனியா உக்காந்து சாப்பிடாத. வேலை முடிஞ்சி எத்தன மணிக்கு வந்தாலும் என்னைக் கூப்பிடு. நானும் வந்து உக்காருறேன்."

மிஷேல் சரி என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று சோற்றைப் பிசைந்தாள். அம்மா மோர் ஊற்றினார். வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள். சாப்பாடு முடியட்டும் என்று இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.