மார்கிறட்டின் மீன் பசளை

பயற்றங்கொடிக்கு நட்ட கம்புகளை மார்கிறட் வலை நூலால்தான் கட்டுகிறாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க என்னால் முடியாது, கத்தி வேண்டும். "இது அவிண்டால் மீன் எல்லே போயிடும், ரீச்சர்," என்கிறாள். பயற்றங்கொடி எங்கே போகப்போகிறது என்று கேட்டால் சிரிக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். தகப்பன் யாக்கோப்பு முல்லைத்தீவுக் களப்பில் வலை வீசுகிறவர். எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்தி. மற்றவர்கள் பெரும்பாலும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். வந்ததும் மண்வெட்டியைத் தேடுவார்கள். இவள் முதலில் காற்றைப் பார்ப்பாள். "கச்சான் காத்து அடிக்குது, இண்டைக்குத் தண்ணி கூட ஊத்த வேணும்." சொன்னபடியே மத்தியானம் செடிகள் வாடி நிற்கும். மண்புழுவைக் கண்டால் போதும், பாடம் மறந்துவிடும். தூண்டிலுக்கு எது நல்லது என்று தரம் பிரிக்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். வகுப்பில் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

போன மாதம் ஓலைப்பெட்டி நிறையச் சூடை மீன் தலை கொண்டுவந்து, ஒருவருக்கும் சொல்லாமல் தன் பூசணியின் அடியில் புதைத்தாள். அவர்கள் வீட்டுத் தென்னைக்கு அதுதான் பசளை. மறுநாள் காலை வந்து பார்த்தால், நரிகள் வேலிக்குள் புகுந்து கிண்டியிருந்தன. பூசணி போனது போக, பக்கத்துப் பாத்திக் கத்தரிச் செடிகளின்மேல் மீன் தலைகள் சிதறிக் கிடந்தன. அந்தப் பாத்தி கனகலிங்கத்தினது. அவன் வீட்டில் மீன், மச்சம் எதுவும் சமைப்பதே இல்லை.

"முதல் காய் பிள்ளையாருக்கு எண்டு நேந்தது, ரீச்சர். இனி என்னெண்டு குடுக்கிறது?" என்று விம்மினான்.

மார்கிறட்டின் முகம் செத்துப்போயிற்று. "நான்தான் மீன் தலையை மண்ணுக்குள்ள தாட்டனான்," என்று தானே முன்னால் வந்து சொன்னாள்.

நான் வாய் திறக்குமுன் வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு செடியாக வேர் அறாமல் கிளப்பிக் கழுவினாள். வீட்டில் மீன் கழுவுவது போலவே மூன்று தண்ணீர். பாத்தி மண்ணை அள்ளி வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு, குளக்கட்டடியிலிருந்து பெட்டி பெட்டியாகப் புது மண் சுமந்தாள். திரும்ப நட்டு, பூவரசங் குழை குத்தி நிழல் கொடுத்தாள். இரண்டு செடி பட்டுப்போக, மற்றவை தலை நிமிர்ந்தன. சாணம் போடும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "மீன் நாத்தம் எண்டினம். இது மட்டும் என்ன பன்னீரோ?"

கனகலிங்கம் அந்தப் பக்கமே வரவில்லை. அவளோடு கதைக்கவும் இல்லை.

நேற்று கத்தரியில் முதல் பூ. மார்கிறட் அவனைக் கூப்பிட்டு, செடியடியில் ஒரு பிடி மண் எடுத்து நீட்டினாள்.

"மணந்து பாரன்."

அவன் குனிந்து, கண்ணை மூடி, மெல்ல ஆறுதலாக முகர்ந்தான். பிறகு அந்த மண்ணை ஒரு துகளும் சிந்தாமல் அவள் கையிலிருந்து வாங்கி, கத்தரியின் அடியில் வைத்து அழுத்தினான்.