கரீமுல்லாவும் காயாத மேஜையும்

கரீமுல்லா மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் குடியிருந்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தைத் தோய்த்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். மழை மாதங்களில் எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளமாட்டார். மனைவி சகினாவின் நச்சரிப்பு தாங்காமல்தான் 1944 ஐப்பசியில் தியாகராய நகருக்குப் போனார்.

அங்கே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சுப்புராயன் புதிதாகத் தேக்கு மேஜை செய்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதில் பத்துப் பேருக்கு விருந்து. திங்களன்று கரீமுல்லா முதல் பூச்சு போட்டார். கால் மணி நேரத்தில் மேஜை முழுக்க வெள்ளையாகப் படர்ந்துவிட்டது.

சுப்புராயன் சுவரிலிருந்த பாரன்ஹீட் வெப்பமானியைப் பார்த்தார். "எண்பத்திரண்டு டிகிரி காட்டுது. இந்தச் சூட்டுல ஏம்ப்பா காயல?"

"சூடு மட்டும் பத்தாது சார். காத்துல ஈரம் கீது. ஸ்பிரிட்டு ஆவியாப் போறப்ப மரம் சில்லுனு ஆவுது. அந்த ஈரம் வந்து அதுமேல குந்திக்குது."

சுப்புராயன் நம்பவில்லை. கரீமுல்லா மதியத் தொழுகைக்குப் போய்த் திரும்பியபோது மேஜைக்கு அடியில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. பூச்சு முழுக்கக் கொப்புளம். மேலே தோல் கட்டி, உள்ளே பிசுபிசுத்தது. அருகிலேயே ஸ்பிரிட் பாட்டில். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இன்னா சார் இது, வூடே பத்திக்கினு இருக்கும்" என்றார்.

செவ்வாய் முழுக்கச் சுரண்டி எடுத்தார். புதன்கிழமை மறுபடி பூசினார். தூறல் பிடித்துக்கொண்டது. மறுபடி வெள்ளை.

"நீ ஸ்பிரிட்டுல தண்ணி கலந்திருக்கே" என்றார் சுப்புராயன்.

யுத்தக் காலம், ஸ்பிரிட் கிடைப்பதே அரிது, கலப்படம் சகஜம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் கரீமுல்லாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் ஒரே தேக்குப் பலகையை இரண்டாக அறுத்தார். ஒரு துண்டில் பூசி அங்கேயே தாழ்வாரத்தில் வைத்தார்.

"பாட்டில நீங்களே எடுத்துக்கினு வாங்க சார்."

இரண்டாவது துண்டோடு இருவரும் பாண்டி பஜாரில் தெரிந்தவர் குலாம் ரசூலின் ரொட்டிக்கடைக்குப் போனார்கள். அடுப்புக்கு அடுத்த அறை எப்போதும் வெதுவெதுப்பாக, காய்ந்து கிடக்கும். பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு சுப்புராயன் அங்கே உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே கரீமுல்லா இரண்டாவது துண்டில் பூசினார். அரை மணி கழித்தும் அது தேன் நிறத்தில் பளபளத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், தாழ்வாரத்துத் துண்டு சாம்பல் பூசியதுபோல வெளுத்திருந்தது.

"சரி, இதுக்கு என்ன வழி?" என்றார் சுப்புராயன். சொன்ன வார்த்தைக்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. கரீமுல்லாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

வியாழன் விடிந்ததும் மேஜை இருந்த அறையைச் சாத்தி, மூலையில் கரி அடுப்பு வைத்துக் காற்றை உலர்த்தினார். நெருப்பை வெளியே கொண்டுபோய் அணைத்த பிறகே ஸ்பிரிட்டைத் திறந்தார். வெறும் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்டுத் தேய்க்க, வெள்ளை மறைந்தது. அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் போட்டார். இடையில் கதவைத் திறந்து எட்டிப்பார்த்த சுப்புராயனை இரண்டு தடவை வெளியே அனுப்பினார்.

ஞாயிறு காலை கடைசியாக ஒரு தடவை துடைக்க வந்தபோது, சுப்புராயனின் மனைவி செண்பகம் மேஜைமேல் பூப்போட்ட ரெக்சின் விரித்திருந்தாள்.

"இன்னாத்துக்குமா இது?"

"சாம்பார் சிந்தும்ல."

கரீமுல்லா ரெக்சினின் ஓரத்தைத் தூக்கினார். அடியில் ஒரு விரல் தடம் பதிந்திருந்தது. தோள் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, ரெக்சினைப் பழையபடி இழுத்து மூடினார்.